கைபடாத வண்டி

பல் டாக்டர் வீட்டில் இரண்டு வால்வோ கார்கள் நிற்கின்றன என்று தெருவில் போகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். அது பார்வைப் பிழை. நின்றது ஒன்றரைதான். அந்த அரை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும்.

வெள்ளை வண்டி டாக்டரின் மனைவியுடையது. அவர் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ். நீல வண்டி டாக்டருடையது. இரண்டும் ஒரே மாடல், ஒரே வருஷம், முதுகு நீண்ட ரகம். சின்னப் பிள்ளையிடம் பென்சிலையும் அடி ஸ்கேலையும் கொடுத்து ஒரு கார் போடு என்றால் என்ன வருமோ, அச்சாக அந்த வடிவம். வித்தியாசம் ஒன்றே ஒன்று. வெள்ளை ஓடும். நீலம் ஓடப்போகிறது.

நீலத்தை டாக்டர் ஒரு கோழிப் பண்ணையின் பின்புறத்தில் கண்டெடுத்தார். டிரைவர் சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி இறங்க மறுத்துவிட்டது. எல்லாக் குஞ்சும் பொரித்த பிறகுதான் வண்டியை இழுத்துவர முடிந்தது. தரைத் தகடு துருவேறி சல்லடையாகிக் கிடந்தாலும் மழைக்காலத்தில் வண்டிக்குள் தண்ணீர் தேங்கியதே இல்லை என்று டாக்டர் பெருமையாகச் சொல்வார். வந்த தண்ணீர் வந்த வேகத்தில் கீழே போய்விடும்.

வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஞாயிறுதோறும் வேலை நடக்கும். கிளினிக்கில் போடும் முகமூடி, நெற்றியில் அதே விளக்கு, கையில் அதே குத்தூசி. துருவைச் சுரண்டுவதற்கு முன்னால் பானெட் அருகே குனிந்து, "லேசா கூசும், அவ்வளவுதான்" என்பார். ஓட்டைகளை அடைத்துவிட்டு அரைமணி நேரத்துக்கு யாரையும் கதவை அழுத்திச் சாத்த விடமாட்டார்.

அவருடைய கனவு என்னவென்றால், வண்டி வெளியே பார்க்க ரிட்டயரான தலைமையாசிரியர் மாதிரி இருக்கவேண்டும், உள்ளே ஒரு குத்துச்சண்டைக்காரன் உட்கார்ந்திருக்கவேண்டும். அதற்காக டர்போ வைத்தார். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி, எறும்பு கூடத் தலை குனிந்து போகும் அளவுக்கு வண்டியைத் தாழ்த்தினார். பழைய வால்வோப் பிரியர்கள் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டத்தில் வண்டி தன் காலால் வந்து நிற்கவேண்டும், பித்தளை வில்லை வாங்கவேண்டும், அவ்வளவுதான் கேட்டார் வாழ்க்கையிடம். சங்கத்தில் ஆளாளுக்கு அந்த வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிய, இவர் மட்டும் வெறும் சட்டையோடு மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஓடி வந்து நிற்கிற எந்த வண்டிக்கும் வில்லை உண்டு. கொடுப்பவர் அசல் ஐயா. எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பூதக்கண்ணாடியோடு வருவார். ஒரு திருகாணி மாறியிருந்தால் போதும், வில்லையைக் கொடுத்துவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

இனி கதைக்கு வருவோம். பழைய வண்டிக்குச் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பு. பக்கத்திலேயே அதே மாடல், அதே வருஷம், நல்ல ஆரோக்கியத்தோடு ஒரு வெள்ளை வண்டி நிற்கிறது. டாக்டர் மனிதர்தானே?

முதலில் கண்ணாடி துடைக்கும் மோட்டாரைத்தான் எடுத்தார். திருடவில்லை, மாற்றிக்கொண்டார். நீலத்தில் இருந்ததை வெள்ளையில் மாட்டி, வெள்ளையில் இருந்ததை நீலத்தில் மாட்டினார். கணக்கு நேர். மழையில் அந்த மோட்டார் நினைத்தால் துடைக்கும், நினைக்காவிட்டால் வேடிக்கை பார்க்கும் என்பது தனி விஷயம். அடுத்து ஹாரன், ஹீட்டர் விசிறி. அப்புறம் டிரைவர் சீட்.

"என்னங்க, சீட்டுல ஏதோ குத்துது" என்றார் நர்ஸம்மா.

"எங்க குத்துது?" டாக்டர் கிளினிக் குரலில் கேட்டார்.

"இடுப்புக்குக் கீழ."

"உனக்கு வயசாகுதுல்ல. எலும்பு தேய்மானம். வெந்நீர் ஒத்தடம் குடு."

"கோழி வாசனையும் வருது."

"மூக்குக்கும் வயசாகும்மா."

நர்ஸம்மா ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போனபோது டாக்டர் என்ஜினையே மாற்றிவிட்டார். லாரி ஓட்டும் மைத்துனன், நர்ஸம்மாவின் தம்பி, சங்கிலி பிடித்துத் தூக்கிக் கொடுத்தான். வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றும் பெரிய லாரி அவனுடையது. பீரோ, பியானோ எல்லாம் தூக்கிப் பழகிய கை.

"அத்தான், அக்காவுக்குத் தெரிஞ்சா உங்கள உயிரோட விடமாட்டா."

"என்ஜினுக்கு என்ஜின் குடுக்கறேன்ல, மச்சான்? இதயமாற்று அறுவை சிகிச்சை மாதிரி."

"அதுல செத்தவனோட இதயத்தைப் பொழைக்கப் போறவனுக்கு வைப்பாங்க. நீங்க மாத்தி வைக்கிறீங்க."

திரும்பி வந்த நர்ஸம்மா வண்டியைக் கிளப்பியதும் தெருவே மறையும்படி புகை வந்தது. எதிர்வீட்டுக்காரர் கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். "ஒரு வாரம் சும்மா நின்னுதில்ல, சளி கட்டியிருக்கு" என்றார் டாக்டர்.

சளி தீரவே இல்லை. அந்த மாதத்திலேயே ஒரு நாள் பிரசவத்துக்குப் போகிற வழியில், பாலத்து மேட்டில் வண்டி நின்றுவிட்டது. நர்ஸம்மா பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, மூச்சிரைக்க அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது குழந்தை பிறந்து, குளித்து, பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு மாமியார் வாசலில் நின்று, "வாங்க, பேர் வைக்கிறதுக்காவது சரியா வந்தீங்களே" என்றார்.

இருபது வருஷ வேலையில் நர்ஸம்மா அப்படி ஒரு பேச்சு கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராக ஷெட்டுக்குப் போனார். டாக்டர் நீலத்துக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. காலிடம்தான் பேசவேண்டியிருந்தது.

"நல்லாக் கேட்டுக்கோங்க. அந்த வீட்டுல ஒண்ணும் ஆகல. ஆகியிருந்தா?"

கால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

"குழந்தை நமக்காகக் காத்திருக்காது. இனிமே என் வண்டியில உங்க கை பட்டுது, இந்த ஷெட்டுல ஒரு ஆணிகூட மிஞ்சாது. தம்பி லாரியக் கொண்டு வந்து எல்லாத்தையும் இரும்புக் கடையில கொட்டிடுவேன்."

"சத்தியமா தொடமாட்டேன்" என்றது கால்.

டாக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கூட்டத்துக்கு முதல் நாள் வரைக்கும் காப்பாற்றினார். முதல் நாள் மத்தியானம் நீலத்தின் பெட்ரோல் பம்ப் உயிரை விட்டது. ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. நர்ஸம்மா ஹாலில் கண்ணயர்ந்திருந்தார். இந்த வாரம் யாருக்கும் பிரசவ நாள் இல்லை என்று காலையில்தான் அவரே சொல்லியிருந்தார். செத்ததை வெள்ளையில் மாட்டி, வெள்ளையின் பம்பை இதில் மாட்டினால் நாளைக் காலை கூட்டத்துக்கு ஓட்டிப் போகலாம், வில்லையை வாங்கலாம், மதியம் பம்பைத் திருப்பி மாட்டிவிடலாம். இதில் தொடுவது எங்கே வந்தது? சும்மா கேட்டு வாங்குவது மாதிரிதான், கேட்கவில்லையே தவிர.

மறுநாள் காலை நீலம் முற்றத்தில் உறுமிக்கொண்டு நின்றது. டாக்டர் டை கட்டி, தலைக்கு எண்ணெய் தடவி, வில்லை குத்த இடம் விட்டு சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். மைத்துனன் லாரியோடு வந்திருந்தான், வழியில் நின்றால் ஒரு துணைக்கு.

போன் அடித்தது.

நர்ஸம்மா பையோடு வெளியே வந்தார். "மலை மேல ஒரு முதல் பிரசவம், இன்னும் ரெண்டு வாரம் இருக்குன்னு நெனச்சேன். பனிக்குடம் உடைஞ்சிருச்சாம். நான் வரேன்." வெள்ளையில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி இருமக்கூட இல்லை. மறுபடி திருப்பினார்.

"பேட்டரியா இருக்கும்" என்றார் டாக்டர். யாரும் அவரைக் கேட்கவில்லை.

நர்ஸம்மா இறங்கினார். நீலத்தின் உறுமலைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிரசவ நர்ஸின் காது அது. வயிற்றின் மேல் குழலை வைத்து உள்ளே இருப்பதைக் கேட்டுச் சொல்லும் காது.

"என்ன எடுத்தீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, சின்னது. கைக்குள்ள அடங்கும்."

மைத்துனன் வாயைப் பொத்திக்கொண்டு லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அக்கா, லாரியில ஏறு. நான் விட்டுடறேன்."

"பிரசவத்துக்குப் பீரோ ஏத்துற வண்டியில போயி இறங்கவா? அது மலை ஏற அரை நாள் ஆகும்." நர்ஸம்மா கையை நீட்டினார். "சாவி."

"அது டர்போ. உனக்குப் பழக்கமில்ல. தாழ்வா வேற இருக்கு. மேடு பள்ளம்..."

"அங்க ஒரு பொண்ணு வலியில துடிச்சிட்டிருக்கா. சாவி."

டாக்டர் சாவியைக் கொடுத்தார். நர்ஸம்மா பையைத் தூக்கி முன் சீட்டில் வைத்ததும் நீலம் முற்றத்து வாசலைக் கடந்தது. கடந்ததா, பறந்ததா என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. முன்பக்கத்து அழகுப் பட்டி மட்டும் வாசற்படியிலேயே தங்கிவிட்டது. தெரு முனையில் சத்தம் திரும்பியது, பிறகுதான் வண்டி திரும்பியது.

டாக்டர் அந்தப் பட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பேர் குடுத்திருக்கேன்டா. ஒரு வால்வோ வரும்னு சொல்லியிருக்கேன். அசல் ஐயா போன வருஷமே சிரிச்சார்."

"ஒரு வால்வோ தானே வேணும்?" மைத்துனன் வெள்ளையைப் பார்த்தான். "ஏத்துங்க அத்தான். நான் பியானோ ஏத்தினவன்."

அப்படித்தான் நர்ஸம்மாவின் வெள்ளை வண்டி சங்கத்து மைதானத்தில் லாரியிலிருந்து இறங்கியது. சுற்றிலும் பளபளவென்று வண்டிகள். டாக்டர் டையைத் தளர்த்திக்கொண்டு, யார் வண்டியோ என்பது போல இரண்டடி தள்ளி நின்றார்.

அசல் ஐயா வந்தார். பூதக்கண்ணாடியை முதலில் வெள்ளைப் பெயின்ட்டில் வைத்தார். நர்ஸம்மா ஒருநாளும் மெருகு போட்டதில்லை. மாற்றுப் பூச்சும் கிடையாது. "ம்" என்றார். பானெட்டைத் திறந்தார். எண்ணெய்க் கசடு, துரு, தொழிற்சாலை முத்திரை அப்படியே இருக்கிற என்ஜின். பூதக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி வைத்தார். கண்ணாடி துடைக்கும் மோட்டார், ஹாரன், ஹீட்டர் விசிறி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அதே வருஷம், எல்லாம் பிறந்த நாளில் இருந்தபடி, ஒன்றுகூட வேலை செய்யாது.

கடைசியாக சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு இறகை எடுத்தார். மோந்து பார்த்தார்.

"டாக்டர்" என்றார். "இத்தனை வருஷமா நான் தேடினது இதுதான். எல்லாரும் பளபளப்பாக்கிக் கொண்டு வந்து காட்டறாங்க. நீங்க ஒருத்தர்தான் ஒண்ணையுமே தொடாம வச்சிருக்கீங்க. இந்த ஸ்க்ரூவைப் பாருங்க. நாப்பது வருஷமா இதுல ஒரு மனுஷன் கை பட்டதில்ல."

அந்த ஸ்க்ரூவை டாக்டர் முந்தின நாள் மத்தியானம் மாட்டியிருந்தார்.

ஊரில் உள்ளவர்களின் வாயையெல்லாம் திறக்கச் சொல்லிப் பழகிய டாக்டர், தன் வாயை ஒருமுறை திறந்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டத் தொடங்கியிருந்தார்கள். மூடிக்கொண்டார். மைத்துனனுக்கு மட்டும் திடீரென்று இருமல் வந்து, லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து இருமவேண்டியதாயிற்று.

'கைபடாத வண்டி' என்ற பிரிவுக்கு அதுவரை யாரும் தகுதி பெற்றதில்லையாம். அந்த வில்லை மற்ற வில்லைகளைவிடக் கொஞ்சம் பெரியது. அசல் ஐயா தன் கையாலேயே சட்டையில் குத்திவிட்டார். "ஒரே ஒரு நிபந்தனை. இனி ஒரு நட்டுகூட மாறக்கூடாது. வருஷா வருஷம் நான் வந்து பார்ப்பேன். இது இனிமே உங்க சொத்து இல்ல, வரலாறு."

வரலாற்றை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் நீலம் வந்து நின்றது. நர்ஸம்மா இறங்கினார். முகம் கழுவி விட்டதுபோல இருந்தது.

"பொம்பளப் புள்ள. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. தொப்புள் கொடி கழுத்தச் சுத்தியிருந்துது. அஞ்சு நிமிஷம் லேட்டாயிருந்தா நான் வந்து பிரயோஜனமில்ல."

டாக்டரின் கை தானாகப் போய் வில்லையை மூடியது.

"நல்ல வண்டிங்க" என்றார் நர்ஸம்மா. "சீட்டு குத்தல. ஹீட்டர் வேலை செய்யுது. மலை மேட்டுல ஒருத்தன் சிவப்புக் காருல உரசிட்டே வந்தான். ஒரு மிதி மிதிச்சேன். கண்ணாடியில தேடினேன், காணோம்." சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "நாளையிலேருந்து இதுலதான் போறேன்."

"ஏம்மா, அது என் வண்டி."

"சீட்டு யாரோடது?"

"உன்னோடது."

"ஹீட்டரு? என்ஜினு? பெட்ரோல் பம்பு?"

டாக்டர் வாசற்படியைப் பார்த்தார். "ஆனா நீலம் என்னோடதுதானே?"

"நீலங்கறது பெயின்ட்டு. அது உங்களோடதுதான். சுரண்டி எடுத்துக்கோங்க. குத்தூசி வச்சிருக்கீங்கல்ல?"

"அப்ப வெள்ளையச் சரி பண்ணி நான்..."

"அதுல ஒரு நட்டக்கூடத் தொடக்கூடாதாம், அத்தான்" என்றான் மைத்துனன், தண்ணீர் குடித்துக்கொண்டே. "அசல் ஐயா வருஷா வருஷம் வந்து பார்ப்பாராம்க்கா."

"அப்படியா? தொட்டா?"

"வில்லையப் பிடுங்கிக்குவாங்க."

நர்ஸம்மா அப்போதுதான் கணவரின் சட்டையைப் பார்த்தார். வில்லையை ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டினார். "அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை டாக்டர் குடையோடு வாசலில் நின்றார். நீலம் அவர் அருகில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது.

"கிளினிக்கு வரைக்கும் முடியாது, எனக்கு எதிர்ப்பக்கம். பஸ் ஸ்டாப்ல இறக்கி விடவா?"

டாக்டர் ஏறி உட்கார்ந்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. டர்போ மெல்ல விசில் அடித்தது. தன் கைவேலையை முதல்முறையாக டாக்டர் உட்கார்ந்து அனுபவித்தார். பரவாயில்லை, நன்றாகத்தான் செய்திருந்தார். அவருக்கே தெரியாமல் வலதுகை மடியிலிருந்து கிளம்பி, டாஷ்போர்டு மேல் ஊர்ந்து, கடிகாரத்தின் ஓரத்தில் நகத்தை நுழைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று லேசாக நெம்பிப் பார்த்தது.

"கைய மடியில வைங்க" என்றார் நர்ஸம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வைத்துக்கொண்டார்.