அட்ஜஸ்ட் என்கிற வினைச்சொல்

வெள்ளைக்காரன் அட்ஜஸ்ட் என்றால் நாற்காலியைத் திருகுவான், கடிகார முள்ளை நகர்த்துவான். நம்ம உத்திரமேரூர்ப் பக்கம் மனுஷர்களைத்தான் திருகுவது வழக்கம். அதுவும் எல்லாரையும் இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

இங்கிலீஷில் பி.ஏ. படித்த ஏஞ்சலுக்கு இது ஏழாவது மாசம். அவள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கிடையாது. பெரிய தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். பிள்ளை பிறப்பதற்குள் குழாய் வந்துவிட்டால் போதும் என்று இருந்தாள். மூன்று கிராம சபையில் கேட்டாகிவிட்டது. மூன்றிலும் தலைவர் ஏகாம்பரம் பெரிய மனசு பண்ணி, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று அருள்பாலித்தார்.

சபை நடத்த ஊராட்சிக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. எல்லாரும் முதலில் வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். டீ, பிஸ்கட் வரும். தீர்மானத்தை எழுத்தர் வரதன் அப்புறம் நிதானமாக மேலே எழுதிக்கொள்வார். குழாய் என்கிற வார்த்தை மட்டும் அவர் பேனாவுக்கு வராது, பாவம்.

ஆகஸ்ட் பதினைந்து அன்று நாலாவது சபை. வரதன் நோட்டை நீட்டினார். ஏஞ்சல் பேனாவை வாங்கவில்லை.

"மொதல்ல எழுதுங்க, அப்பறம் போடறேன்."

பின்னால் இருந்த அவள் தெருப் பெண்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் போடாவிட்டால் தலைக்கணக்கு தேறாது, சபை செல்லாது.

"இன்னாம்மா, இத்தினி நாளா அட்ஜஸ்ட் பண்ணிக்கினுதான இருந்தீங்க?" என்றார் ஏகாம்பரம்.

"அது பிரெஞ்சுக்காரன் கிட்டேர்ந்து வந்த வார்த்த, தலைவரே. கிட்டக் கொண்டாந்து வெக்கிறதுன்னு அர்த்தம். குழாய எங்க தெருவுக்குக் கிட்டக் கொண்டாந்தா அதான் அட்ஜஸ்ட். நாங்க கொடத்தத் தூக்கினு நடக்கறது கூலியில்லாத வேல."

பிரெஞ்சுக்காரனை ஏகாம்பரம் எதிர்பார்க்கவில்லை. வரதனைப் பார்த்துத் தலையாட்டினார்.

'பரிசீலிக்கலாம்' என்று எழுதினார் வரதன். ஏஞ்சல் அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தாள். அதை அடித்துவிட்டு, 'டிசம்பருக்குள் குழாய் போடப்படும்' என்று எழுதினார். அவள் இரண்டு தரம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

டிசம்பர் என்றால் பிள்ளை முந்திக்கொள்ளும். அது தெரிந்தேதான் போட்டாள். பெரிய தெருக் குழாயடியில் அன்றைக்கும் பன்னிரண்டு குடம் வரிசையில் இருந்தது. போய்ப் பதின்மூன்றாவதை வைத்தாள்.