ஆக்னஸ் நடந்த வயல்கள்

1974 ஐப்பசியில், விளாத்திகுளத்துக்குக் கிழக்கே இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் களையெடுக்க வந்த ஆக்னஸ் காலடி வைத்த இடமெல்லாம் தண்ணீர் ஊறியது. ஒரு தடத்துக்கு அரை லிட்டர். நிலையத்தின் மண் ஆய்வாளர் எஸ்றா நாசரேத்துக்காரர், அளக்காமல் எதையும் நம்பாதவர். ஏழு தடங்களிலிருந்து முகந்து சோதித்து, உப்பில்லை, குடிக்கலாம் என்று குறித்துக்கொண்டார். ஆக்னஸ் பெரியதாழைக்காரி. சங்கு குளிக்கப் போன புருஷன் திரும்பாமல் போனதும், கடல் சத்தம் கேட்காத ஊராகப் பார்த்து வந்து தினக்கூலிக்குச் சேர்ந்தவள். இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று எஸ்றா கேட்டதற்கு, “அங்கன எல்லார் தடத்துலயும் தண்ணி நிக்கும் அய்யா” என்றாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கரிசல் பாளம் பாளமாக வெடித்து, பருத்தி முழங்கால் உயரத்தில் வாடி நின்றது. சேதி பரவி, சுற்றுப்பட்டு விவசாயிகள் மாட்டுவண்டியோடு நிலையத்து வாசலுக்கு வந்தார்கள். ஆக்னஸ் வண்டியேறிப் போய் ஒரு நாளைக்கு மூன்று ஏக்கர் நடந்தாள். நடந்த வயல் மறுநாளே தலை தூக்கியது. எஸ்றா வாராவாரம் அவளைப் பருத்தித் தராசில் ஏற்றி நிறுத்தார். ஐப்பசியில் ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் கார்த்திகைக் கடைசியில் முப்பத்தொன்பது. நாற்பது ஏக்கர் நடக்கவிட்டு முடிவு அனுப்பும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது, இயலாது என்று ஒரே வரியில் பதில் எழுதினார். அதற்குப் பின் ஒன்பது வருஷம் அவருக்குப் பதவி உயர்வு இல்லை.

“இனிமே நீ வயல்ல இறங்கக் கூடாது” என்று ஆக்னஸிடமும் சொன்னார்.

“கடலுக்குப் போனவருக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியல. இது கண்ணு முன்னால வாடுது. எப்படி அய்யா சும்மா இருக்க?”

எஸ்றா வாசலைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் வேலி தாண்டிப் போனாள்.

அன்று இசக்கியப்பனின் வயல். இரண்டு வருஷமாக ஒரு மணி வீடு சேராத நாலு ஏக்கர். பாதி நடந்ததும் தடங்களில் தண்ணீர் உள்ளங்கை அளவுக்குக் குறைந்தது. வரப்பில் நின்ற இசக்கியப்பன், “போதும் தாயி, கரையேறு. மிச்சம் காஞ்சா காயட்டும்” என்றார். அவள் நிற்கவில்லை. அவர் இறங்கிப் போய் அவளுக்கு முன்னால் உழவுசாலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டார். மனுசனைத் தாண்ட மனம் வராமல் ஆக்னஸ் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கண்ணில் சொட்டு இல்லை. இசக்கியப்பன் பெண்டாட்டி சுடலைமாடத்தி, “ஏளா, முதல்ல குடி” என்று கம்மங்கூழை நீட்டி, மூன்று நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். நாலாம் நாள் தராசு நாற்பத்திநாலு காட்டியது. இசக்கியப்பன் காய்ந்த பாதியை உழுது போட்டார்.

பிறகு ஊர்கள் கூடி முறை வைத்தன. நாளைக்கு அரை ஏக்கர், அந்த வயல்காரர் வீட்டில் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில். இரண்டு வருஷத்தில் நிலையம் அவளை நிரந்தரமாக்கியது. எஸ்றா மழைப் பதிவேட்டில் இன்னொரு கட்டம் போட்டார். 1977இல் ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தப் பக்கத்தில் விரல் வைத்து வாசித்தார்: மழை இல்லை, ஆக்னஸ் நாலு மில்லிமீட்டர். கூட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.