பிறந்த வீட்டுக் கோடி

அத்தையின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள் செல்வமணி. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் போலீஸ்காரர் பிச்சையா. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு சேலையைச் சரிசெய்தார்கள்.

"பெரியம்மாவுக்கு விசா நேத்தோட முடிஞ்சிட்டு. கெளம்பிட்டாவளான்னு பாத்துட்டு வரச் சொன்னாவ" என்று ஆரம்பித்தவர், பாயில் கிடத்தியிருந்ததைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

பாஸ்போர்ட்டை வாங்காமல் அவர் திரும்ப முடியாதாம். எல்லாம் முடியட்டும், காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தார். மனுஷன் நல்லவர்தான். செத்தவளிடம் கணக்குக் கேட்டு அனுப்பியவர்களை நினைத்தால்தான் செல்வமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோமதியம்மாள் இதே சங்கரன்கோவிலில் பிறந்தவள். கோயில் அம்மன் பெயரைத்தான் வைத்தார்கள். மாத்தளையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டுக் கப்பல் ஏறினாள். கடை நிலைக்க வேண்டுமென்று புருஷன் இலங்கைப் பிரஜை ஆனார். கூடவே இவளும் ஆனாள். எழுபத்தேழு கலவரத்தில் கடை எரிந்தது. அந்த ஏக்கத்திலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி கிடையாது. மிச்சக் காலத்தைப் பிறந்த ஊரில் கழித்துவிடலாம் என்று இரண்டு பெட்டியோடு தம்பி மகள் செல்வமணி வீட்டுக்கு வந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, இந்த ஊருக்கு அவள் அந்நிய நாட்டுக்காரி.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி ஆபீஸ் வாசலில் நின்றாள். எதுக்கு இங்கே இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். வயசாயிட்டு என்றாள். அதெல்லாம் ஒரு காரணமா, படிப்பா, வியாபாரமா, சுற்றிப்பார்க்கவா, வைத்தியமா, ஒன்றைச் சொல்லு என்றார்கள். வயசான மனுஷி ஒருத்தி சொந்த ஊரில் கண்ணை மூட ஆசைப்படுவதற்கு அவர்கள் தாளில் இடமே இல்லை. கல்லுக்குண்டாக இருந்தவள் இல்லாத நெஞ்சுவலிக்கு டாக்டரிடம் சீட்டு வாங்கி நீட்டினாள். நோயாளி என்றால் இருக்கலாமாம், ஊர்க்காரி என்றால் கூடாதாம். எந்த ஊர் நியாயம் இது?

கடைசியில் ஒரு அதிகாரி மனமிரங்கி வழி சொன்னார். சொத்துள்ள ரத்த உறவு யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால், நெடுநாள் தங்க எழுதித் தருகிறேன் என்றார். செல்வமணியின் புருஷன் சங்கரசுப்பு மில் வேலைக்காரர். இருப்பது வாடகை வீடு. அவர் கையெழுத்து செல்லாது. அத்தைக்கு உடன்பிறந்தவர் ஒருவர்தான், செல்வமணியின் அப்பா ஆறுமுகச்சாமி. குளத்துப் பாசனத்தில் நல்ல நஞ்சை வைத்திருந்தார்.

கையெழுத்துப் போட்டால் அக்கா நாளைக்கு நிலத்தில் பங்கு கேட்பாள் என்று அவருக்கு யாரோ ஓதிவிட்டார்கள். விசாரிக்க வந்த பிச்சையாவிடம், கட்டிக்கொடுத்ததோடு சரி, எங்கள் வீட்டுக்கும் அவளுக்கும் ஒன்றும் கிடையாது, அவள் கொழும்புக்காரி என்று அடித்துச் சொல்லிவிட்டார். அத்தைக்கு அது தெரியவந்தபோது பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தையும் உரித்து முடித்தாள். பிறகு எழுந்து பெட்டிகளைத் தூசி தட்டி வாசல் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

நேற்றுக் காலையில் அவள் ராமேஸ்வரம் போய்க் கப்பல் ஏறியிருக்க வேண்டும். காய்ச்சலில் எழுந்திருக்க முடியவில்லை. இன்று விடிந்தபோது மூச்சில்லை.

குளிப்பாட்டி முடித்த நேரத்தில் தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச்சேலை வந்து போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். முன்னால் மேளம், பின்னால் சொந்தக்காரர்கள், நடுவில் தாம்பாளத்தில் அரக்குப் பட்டோடு ஆறுமுகச்சாமி. உயிரோடு இருந்தவளுக்கு ஒரு கையெழுத்துக்கு வக்கில்லை, பிணத்துக்குப் பட்டு. செல்வமணி ஈரக்கையோடு எழுந்துபோய் நிலைப்படியை மறித்து நின்றாள்.

மேளம் நின்றது.

"வழியை விடுட்டி. ஊரே பாக்கு" என்றார் ஆறுமுகச்சாமி.

"பாக்கட்டும். இது யாரு வீட்டுக் கோடி?"

"என்ன கேள்விட்டி இது? அக்காளுக்குத் தம்பி கொண்டாந்த கோடி."

"அந்தப் படியில உக்காந்திருக்காருல்லா, அவருகிட்ட நீங்க வேற மாதிரில்லா சொன்னீய? இப்பம் சொல்லுங்கப்பா, இவ எங்க அக்காதான், எங்க வீட்டுப் பொம்பளைதான்னு. சொல்லிட்டு உள்ள வாங்க."

பிச்சையா எழுந்து நின்றார். தெரு முழுக்க ஆறுமுகச்சாமியின் வாயைப் பார்த்தது. செத்தவள் இனி வந்து பங்கு கேட்கப் போவதில்லை. நாலே வார்த்தை. அவர் போலீஸ்காரரைப் பார்த்தார், கூட வந்தவர்களைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். சொல் வரவில்லை.

அவர் சொல்லிவிட மாட்டாரா என்று செல்வமணிக்கும் இருந்தது. பிறகு உள்ளே போய், பெட்டியிலிருந்து தன்னுடைய பொங்கல் சேலையை எடுத்து வந்தாள். இன்னும் மடிப்புக் கலையாத, தண்ணீர் படாத நூல்சேலை. பிறந்த வீட்டுச் சேலை இல்லாமல் எப்படி என்று பின்னாலிருந்து ஒரு கிழவி இழுத்தாள்.

"நானும் அந்த வீட்டுல பொறந்தவதான், ஆச்சி" என்று சொல்லி, சேலையை உதறி அத்தையின் மேல் போர்த்தினாள். கழுத்துப் பக்கம் ஒதுங்கிய முந்தியைச் சரிசெய்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கத்தி அழுதாள்.

சங்கரசுப்பு கொள்ளிச்சட்டியோடு முன்னால் போக, ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். பிச்சையா பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"நிரந்தர விலாசம் மாத்தளைன்னுதாம்மா இருக்கு."

"செத்த எடம்னு எழுதுவீயல்லா? அதுல நம்ம ஊருப் பேர நல்லா வெளங்க எழுதுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். செல்வமணி குடத்தைத் தூக்கி வாசலில் கொட்டினாள். பூவையும் மஞ்சளையும் அடித்துக்கொண்டு தண்ணீர் தெருவில் ஓடியது. ஆறுமுகச்சாமி இன்னும் அங்கேயே நின்றார். தண்ணீர் காலடிக்கு வந்தும் அவர் நகரவில்லை. தாம்பாளத்துப் பட்டின் மடிப்பில் கடைச்சீட்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.