சிவராமகிருஷ்ணன் சாய்ந்த சுவர்

இறந்து நான்கு வருஷமாகிவிட்ட சிவராமகிருஷ்ணனின் தலை எண்ணெய்க் கறை, ஏழாவது பூச்சு பெயிண்டையும் தாண்டி, மறுநாள் காலையில் கூடத்துச் சுவரில் வந்துவிட்டது. துறைமுக ஆபீசிலிருந்து வந்ததும் முப்பத்தொரு வருஷம் அவர் நாற்காலி போட்டுத் தலை சாய்த்த இடம் அது. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடு. மனைவி பாகீரதிக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. கீழே இறங்கி எட்டு மாதம். வீட்டை விற்றுவிட்டு, ஊரின் மறுகோடியில் சால்ட் லேக்கில் மகள் மதுவந்தியோடு இருப்பதாக ஏற்பாடு. மதுவந்தி வந்து பழைய சாமான்களைக் கழித்தாள், குழாய்களை மாற்றினாள், பெருங்காய வாசனை போக ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். வீடு ஜோராகத்தான் இருந்தது. பார்க்க வந்தவர்கள் கறையைப் பார்த்ததும் செருப்பைத் தேடினார்கள். பீரோவை நகர்த்தி மறைத்தால், கறை பீரோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“மாஷிமா, அவர் எழுந்திருக்காம நான் எப்படி வீட்டைக் காட்டறது?” என்று புரோக்கர் தபன் பாபு பெரியம்மா முறை வைத்து வங்காள மொழியில் கேட்டுக் கும்பிடு போட்டார்.

மதுவந்திக்குத்தான் தோன்றியது. “அம்மா, வீடு மாத்தறோம்னு பேப்பர்காரன்கிட்டகூட சொன்னே. அப்பாகிட்ட சொன்னியா?”

அடடா, சொல்லவில்லை! பாகீரதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “ஏன்னா, நாம சால்ட் லேக் போறோம். கருணாமயி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, மஞ்சள் கட்டடம். வந்துடுங்கோ.”

மறுநாள் சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்த வாரமே வீடு விலைபோயிற்று. ஆனால் குடிபோன சால்ட் லேக் வீட்டுச் சுவர்களிலும் ஒன்றையும் காணோம். “நானே அவரைக் கிளப்பி விட்டுட்டேனேடி” என்று பாகீரதி சாப்பிடாமல் அழுதாள்.

அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். டாக்ஸிக்குக் காசு கொடுக்கிற மனுஷரா அவர்? முதல் நாள் கறை காளிகாட்டில் கோயில் பக்கத்துச் சுவரில் இருந்தது; எதிர்த்திசைதான், ஆனால் காளியிடம் சொல்லிக்கொள்ளாமல் அவர் எங்கும் கிளம்பியதில்லை. பிறகு லேக் மார்க்கெட் காப்பிப்பொடிக் கடைச் சுவரில் இரண்டு நாள். அப்புறம் கரியாஹாட் மேம்பாலத் தூண், பார்க் சர்க்கஸில் ஒரு பஸ் நிழற்குடை, பைபாஸில் கட்டிக்கொண்டிருந்த பூஜைப் பந்தலின் துணி. எல்லா இடத்திலும் உட்கார்ந்த ஆளின் தலை உயரம். தொட்டால் சூடாக இருந்தது, தேங்காயெண்ணெய் மணத்தது. பந்தல்காரர்கள் சுத்தியலைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அந்த வாரத்து மழையில் ஊர்ச் சுவரொட்டியெல்லாம் கரைந்து ஓடியது, கறை ஓடவில்லை.

பதினைந்தாம் நாள் அது மஞ்சள் கட்டடத்துத் தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. எத்தனாவது மாடி என்று பாகீரதி சொல்ல மறந்திருந்தாள். வாட்ச்மேன் சொன்னதும் லிஃப்டில் பறந்து இறங்கினாள். “நாலாவது மாடின்னா! லிஃப்ட் இருக்கு, வாங்கோ.” லிஃப்டை அவர் என்றைக்கு நம்பினார்? படியேறித்தான் வந்தார், நாளுக்கு ஒரு மாடி. அவள் தினமும் லிஃப்டில் அந்தந்த மாடிக்குப் போய், நாற்காலி போட்டு, சாயங்காலம்வரை கூட உட்கார்ந்திருந்தாள்.

பத்தொன்பதாம் நாள் பாகீரதி வாசல் கதவை அகலத் திறந்து, ஒதுங்கி வழிவிட்டாள். மதுவந்தி கூடத்துச் சுவரிலிருந்த டிவியைக் கழற்றினாள்.

இப்போது பாகீரதியும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் சாய்கிறாள். சுவரில் இரண்டு கறை இருக்கிறது. பெயிண்ட் அடிக்க வருகிறவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு அடிக்கிறார்கள்.