பின்னால் வருகிறவர்

பெட்டியைக் குறுக்கே சாய்த்துப் பார்த்தார்கள். லிஃப்ட் கதவு மூடவில்லை. ஈமச்சடங்கு ஆட்களில் மூத்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்ற உமையாளிடம் வந்தார்.

"காலிப் பெட்டியை நிக்க வச்சுத்தான் மேல கொண்டாந்தோம்மா. எறக்கவும் அப்படித்தான். பிரிக்பீல்ட்ஸ்ல பழைய பிளாட்டெல்லாம் இதே கதைதான்."

"இப்ப உள்ள அவரு இருக்காரே," என்றாள் உமையாள். "அவரை நிக்க வைக்காதீங்க."

பத்தாவது மாடி. படி வழியே தூக்க, வந்திருந்த நாலு பேர் போதாது. காரைக்குடியிலிருந்து பங்காளிகள் விமானம் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பிழைக்க வந்த ஊரில் சொந்தமென்று இருப்பது மகன் நவீன் ஒருவன்தான். அவனும் கொள்ளிச்சட்டிக்காக ஈர வேட்டியோடு நிற்கிறான்.

வராந்தாக் கோடியில் காலையிலிருந்து ஏழு பேர் நின்றிருந்தார்கள். அவள் கணவர் நாராயணனோடு மலை ஏறுகிற கூட்டம். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாம் கலந்திருந்தார்கள். உமையாள் அவர்களைப் பார்த்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. சனிக்கிழமை விடியுமுன்னே மனுஷனை அள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு உபசாரம் ஒரு கேடா? மலை எனக்குச் சக்களத்தி என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்ததுண்டு. அவர் தாமான் நெகாரா காட்டில் குனோங் தாஹான் மலை ஏறப் போய்த் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மலை உச்சியில் எடுத்த போட்டோக்களில் அவர் முகம் மட்டும் இல்லை.

"மலை ஏறினீங்களா, இல்ல கீழ உக்காந்து டீ குடிச்சீங்களா?" என்று வந்த அன்றே கேட்டிருந்தாள்.

"டீதான் குடிச்சேன். நல்லா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நேற்று சாப்பிட உட்கார்ந்தவர், ரசத்துக்குக் கை நீட்டினார், அப்படியே சாய்ந்துவிட்டார்.

கூட்டத்திலிருந்து குரு முன்னால் வந்தான். செந்தூலில் டயர் கடை வைத்திருப்பவன். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான்.

"அக்கா, படி வழியா நாங்க தூக்குறோம் லா."

"நீங்கதான் அவரைக் கூட்டிட்டுப் போய்க் கொன்னீங்க."

நவீன் "அம்மா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"திட்டுங்கக்கா," என்றான் குரு. "அண்ணனை நிக்க வச்சு மட்டும் கொண்டு போக வேணாம்."

அவள் வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, வழி விட்டு நகர்ந்தாள்.

ஆறு பேர் தூக்கினார்கள். "படி... திரும்பு... பெலான், பெலான், மெதுவா," என்று முன்னால் போன மலாய்க்காரர் குரல் கொடுத்துக்கொண்டே இறங்கினார். முன்னால் இருந்தவர்கள் தோளுக்கு மேலே உயர்த்த, பின்னால் இருந்தவர்கள் இடுப்பளவுக்குத் தாழ்த்த, பெட்டி துளியும் சாயாமல் போயிற்று.

"முட்டி வலியோட படியில எதுக்கு? லிஃப்டுல வா," என்று பக்கத்து வீட்டு மலர் கையைப் பிடித்தாள். உமையாள் கையை விடுவித்துக்கொண்டு படியில் இறங்கினாள்.

இரண்டு மாடி தாண்டிய பிறகுதான் பின்னால் காலடி கேட்டது. திரும்பினால், குரு.

"நீ ஏன் தூக்கல?"

"நான் இன்னிக்கு ஸ்வீப்பர்க்கா. கடைசியா வர்ற ஆளு. யாரு ரொம்ப மெதுவா வர்றாங்களோ, அவங்களுக்குப் பின்னாடியே வரணும். யாரும் தனியா நின்னுடக் கூடாது. அது அண்ணன் வேலை."

அவள் அடுத்த படியில் கால் வைத்தாள்.

"யாராச்சும் முடியலன்னு உக்காந்தா அவரும் கூடவே உக்காந்துடுவாரு. தாஹானுக்கு மூணு தடவ வந்தாரு, ஒரு தடவகூட உச்சியப் பாக்கல. இந்த வாட்டி எனக்குக் கால் பெசகிடுச்சு. நீங்க போங்கண்ணேன்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கல. கேம்ப்ல நான்தான் டீ போட்டுக் குடுத்தேன்."

ஐந்தாவது மாடியில் முட்டி மடங்க மறுத்தது. உமையாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். நேற்றிலிருந்து வராத அழுகை, யார் வீட்டுக் குப்பை மூட்டைக்கோ பக்கத்தில், அப்போது வந்தது. பின்னால் காலடி நின்றது. கீழே திருப்பத்தில் பெட்டியும் நின்றது. "அக்கா வரட்டும்," என்று யாரோ சொல்வது கேட்டது.

"ரொம்ப நேரம் ஆக்குறேனாப்பா?"

"அவசரமே இல்லக்கா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் ஒரு படி இறங்கினாள். பின்னால் அவனும் ஒரு படி இறங்கினான்.