விட்டுடுங்க

அந்தச் சேவலை என் தலையில் கட்டியவள் என் நாத்தனார். அவள் வீட்டில் இரண்டு சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக் கிழித்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றைச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றாள். "வச்சிக்கோங்க அண்ணி, ராஜா மாதிரி இருக்கான்" என்றாள். ராஜா சாக்குக்குள்ளேயே கழிந்து வைத்திருந்தார். அண்ணன் கால் உடைந்து எட்டு மாதமாக வீட்டில் கிடக்கிறாரே, நாலு பழம் வாங்கிப் போவோம் என்று தோன்றாதவளுக்குச் சேவல் கொண்டுவர மட்டும் தோன்றியிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் காபி போட்டுக் கொடுத்தேன்.

கொல்லைப்புறத்தில் எங்களுக்கு ஐந்து கோழிகள். நான்கு என்னுடையவை. ஐந்தாவது என் வீட்டுக்காரருடையது. பொரிக்கும்போதே ஒரு கால் வளைந்து பிறந்த வெள்ளைக் கோழி. அவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து காலில் கம்பி வைத்த பிறகு அதுதான் அவருக்குத் துணை. நொண்டி நொண்டி வந்து நாற்காலியில் தொற்றி அவர் மடியில் உட்கார்ந்துகொள்ளும். "மேடம் வந்துட்டாங்க" என்பார். எட்டு மாதத்தில் அவர் சிரித்துக்கொண்டு சொன்னது அது ஒன்றுதான். என்னிடம் பேசியதைவிட மேடத்திடம் பேசியது அதிகம். அதிலும் எனக்கு எரிச்சல்தான், மறைப்பானேன்.

புதுச் சேவலை எடுத்த எடுப்பில் கோழிகளோடு சேர்க்கக் கூடாது. சீக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முகம் பழக வேண்டும். அதனால் கம்பி வலை அடித்து, கதவு வைத்த கூண்டுக்குள் சேவல், வெளியே கோழிகள். இரண்டு பக்கமும் வலையை ஒட்டியே தீனித் தட்டு. பார்த்துக்கொள்ளலாம், தொட முடியாது. இருபத்தோரு நாள். தினமும் காலையில் சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு போட்டேன். அவரிடமும் காது புளிக்கச் சொன்னேன்.

"மத்ததெல்லாம் ஓடிடும். மேடத்தால ஓட முடியாது. அந்தக் கதவத் தொட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவர் தலையாட்டினார். நான் என்ன சொன்னாலும் தலையாட்டுவார்.

ஒன்பதாவது கோடு போட்ட அன்றைக்குத்தான் அது நடந்தது. நான் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்துத் தேய்க்க வேண்டும். அன்று உருளை ஒரு விரிப்பைச் சுருட்டி விழுங்கிக்கொண்டு நின்றுவிட்டது. ஏதோ நான் ஊட்டிவிட்ட மாதிரி மேற்பார்வையாளர் என் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் சூடு பட்டுத் தோல் வேறு வழன்றிருந்தது. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன்.

"சேவல் வலையில முட்டிக்கிட்டே இருக்கு. கொண்டையெல்லாம் ரத்தம். என்ன பண்ணட்டும்?"

"விட்டுடுங்க."

"என்னது?"

"தமிழ்தானே பேசுறேன்? விட்டுடுங்கன்னா விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வலைக்கதவு திறந்து கிடக்கிறது. என் நான்கு கோழிகளும் கொட்டகைக் கூரை மேல். கீழே சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உலாத்துகிறது. அவர் நாற்காலியில் இருந்தார். மடியில் துண்டு, துண்டுக்குள் மேடம். அதன் முதுகில் இறகே இல்லை. சேவல் ஏறி மிதித்துக் கிழித்தது பாதி. ரத்தத்தைக் கண்டதும் என் நான்கு கோழிகளும் சேர்ந்து கொத்தியது மீதி.

விளக்குமாற்றால் சேவலைக் கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். அப்புறம் அவர் பக்கம் திரும்பினேன்.

"கண்ண எங்க வச்சிருந்தீங்க? செவுத்துல கோடு போட்டு வச்சிருக்கேன், எண்ணத் தெரியாதா? நாள் பூரா வீட்லதானே இருக்கீங்க. ஒரு கதவப் பாத்துக்கத் துப்பில்ல. கால்தான் உடைஞ்சுதா, மூளையும் சேந்தா?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். நிறுத்தவும் இல்லை. தங்கச்சி, தங்கச்சியின் சேவல், அவர்கள் பரம்பரையின் சொரணை, எல்லாவற்றையும் இழுத்தேன். பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். அவர் பஞ்சை மருந்தில் நனைத்துக் கோழியின் முதுகில் ஒற்றிக்கொண்டே இருந்தார். கை தூக்கியபோதுதான் பார்த்தேன். முழங்கையில் தோல் உரிந்து மண் ஒட்டியிருந்தது. ஊன்றுகோலோடு சேவலை விரட்டப் போய் விழுந்திருக்கிறார்.

"நீதானே விடச் சொன்னே" என்றார்.

"நானா? நான் எப்போ சொன்னேன்?"

"போன்ல. விட்டுடுங்கன்னு ரெண்டு தடவ சொன்னே."

"விட்டுடுங்கன்னா அது பாட்டுக்குக் கிடக்கட்டும்னு அர்த்தம். தொறந்து விடுங்கன்னா அர்த்தம்?"

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. அதான் என்னதுன்னு கேட்டேன். நீ கத்தினே. இன்னொரு தடவ கேக்கப் பயமா இருந்துச்சு."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தது, குடை எடுத்தேன் என்கிற மாதிரி சொன்னார். அப்படியே விட்டுடுங்க என்று சொல்லியிருக்கலாம். 'அப்படியே' என்று ஒரு சொல். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த மேற்பார்வையாளரைத் திட்ட முடியாத ஆத்திரத்தை இவர் மேல் கொட்ட எனக்கு நேரம் இருந்தது. இருபத்தேழு வருஷமாக இருந்துகொண்டிருக்கிறது.

விடிந்தபோது மேடம் கண் திறக்கவில்லை. அவரே கொல்லையில் உட்கார்ந்தபடி குழி தோண்டினார். நான் மண்வெட்டியை வாங்கப் போனேன். அவர் தரவில்லை. மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கூண்டைப் பார்த்தார்.

"சேவல என்ன பண்றது?"

அதே வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன்.

"கூண்டுக்குள்ளயே இருக்கட்டும். கதவத் தொறக்காதீங்க. திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணுவோம்."

சுவரிலிருந்த ஒன்பது கோடுகளையும் ஈரத்துணியால் அழித்துவிட்டு ஒன்று போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொறக்கக் கூடாது, அதானே?"

"ஆமாங்க."

கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"கூடாதுதானே?" என்று மறுபடியும் கேட்டுவிட்டு, என் முகம் மாறுகிறதா என்று பார்த்தார்.

"கூடாதுங்க" என்றேன்.