விடுபட்ட பத்தி

ஈக்காட்டுத்தாங்கல் சமுதாயக் கூடத்தில் முந்தைய நாள் யாருக்கோ வளைகாப்பு நடந்திருக்க வேண்டும். ஃபினாயிலையும் மீறி வாடிய ரோஜாவும் புளித்த தயிர்சாதமும் நாறின. பதினொரு மணிக்குக் கூட்டம். கிளாடிஸ் பத்தரைக்கே வந்து, வாசலில் நீட்டிய நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து கையில் கொடுத்த சிறு புத்தகத்தைத் திறந்தாள். அவள் மொழிபெயர்த்தது. இப்போதுதான் அச்சில் பார்க்கிறாள். ‘பகல் வெயில் தரும் மின்சாரத்தைப் பேட்டரிகளில் சேர்த்துவைத்து, இருட்டியதும் உங்கள் வீட்டுக்கே திருப்பித் தரும் நிலையம்’ என்ற தன் முதல் வாக்கியத்தைப் படித்தபோது உள்ளுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம். ஆறாம் பக்கம் வரை அது இருந்தது.

ஆறாம் பக்கத்தின் தலைப்பு ‘பாதுகாப்பு’. அதன் கீழே அவள் எழுதிய எட்டு வரிப் பத்தியைக் காணவில்லை. ‘இந்நிலையத்தால் பொதுமக்களுக்கு எவ்வித ஆபத்தும் இல்லை’ என்று ஒரே வரி. அது அவள் எழுதியதல்ல. ‘எவ்வித’ என்று அவள் எழுதவே மாட்டாள். பின்னட்டையில் மட்டும் தெளிவாகப் போட்டிருந்தது: தமிழாக்கம் – கிளாடிஸ் எரிக், எம்.ஏ.

அந்த எட்டு வரிக்காக மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். சாந்தோமில் ஒரு பள்ளியில் பதினெட்டு வருடம் தமிழ் நடத்திவிட்டு, முட்டிவலியால் விலகி, இப்போது வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்கிறாள். இந்த வேலையைக் கொண்டுவந்தது லாய்ட், அவள் கணவன் எரிக்கின் தம்பி. நிலையத்துக்கு இடம் பார்த்துத் திட்டம் போட்டுக் கொடுக்கும் கம்பெனியில் ஊர் ஜனங்களோடு பேசுவது அவன் பொறுப்பு. ஒரு பேட்டரி அளவு மீறிச் சூடானால் பக்கத்தில் இருப்பதும் சூடாகிப் பற்றும், அது அதற்கடுத்ததைப் பற்றவைக்கும் என்று ஆங்கில அறிக்கையில் இருந்தது. அதற்கு அகராதி கொடுத்த சொல்லைப் போட்டால் யாருக்கும் புரியாது. கடைசியில், அடுக்கிவைத்த தீப்பெட்டிகளில் ஒன்று பிடித்துக்கொண்டால் எப்படியோ அப்படி என்றும், அப்போது என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதினாள். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற, தங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவரிடம் படித்துக்காட்டி, அவர் தலையசைத்த பிறகுதான் அனுப்பினாள்.

நிலையத்துக்கு அப்போது பார்த்திருந்த இடம் அடையாறு. பூங்காவை ஒட்டிய காலிமனை. அங்கே கூட்டத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த தாள்களில் அந்தப் பத்தி முழுசாக இருந்தது. குடியிருப்போர் சங்கத்தார் அதை அடிக்கோடிட்டுக்கொண்டு வந்து, எங்கள் மொட்டைமாடி எல்லாம் சோலார்தான், நாங்கள் இதற்கு எதிரிகள் இல்லை, ஆனால் இங்கே வேண்டாம் என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் இடம் மாறியது. ஈக்காட்டுத்தாங்கலில், பட்டறைகளுக்கும் ஒரு வரிசைச் சின்ன வீடுகளுக்கும் நடுவில் கிடந்த மனை.

லாய்ட் கூடத்தின் பின்பக்கம் டீ மேசையருகே போண்டா தின்றுகொண்டிருந்தான்.

“லாய்ட், ஆறாவது பக்கத்துல நான் எழுதின பாரா எங்க?”

“இடம் பத்தலை அண்ணி. பக்கம் கூடிப்போச்சு.”

அவள் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் பிடித்தாள். முக்கால் பக்கம் வெறுமையாக இருந்தது. அடியில் சிரிக்கிற சூரியன் படம்.

அவன் வாயில் இருந்ததை மென்று முடித்தான். “அடையார்ல அதைப் படிச்சிட்டுத்தானே வேணாம்னாங்க.”

“அதனால இவங்க படிக்கக் கூடாதா?”

“இவங்க வீணா பயந்துடுவாங்க. இது வரலைன்னா அடுத்த கோடைக்கும் டீசல் ஜெனரேட்டர்தான். அந்தப் புகையையும் இவங்கதான் குடிக்கணும். நான் ஒண்ணும் கெட்டது பண்ணலை அண்ணி.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. திருடன் என்றால் திருடன் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இவன் நல்லதைச் செய்கிறவனின் முகத்தோடு நிற்கிறான். பேசிக்கொண்டே ஒரு புத்தகத்தை எடுத்து விரல் எண்ணெயை அதில் துடைத்தான். அட்டையில் பழுப்பாக ஊறியது. அப்படியே சுருட்டி மேசைக்கடியில் கூடையில் போட்டான். பன்னிரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த விரல்களுக்கு அவள் குழம்பு ஊற்றியிருக்கிறாள். அவர்கள் வீட்டு ஜெபத்தில் பைபிள் வாசகத்தை இவன்தான் வாசிப்பான்.

“நீங்கதான் மைக்ல படிக்கணும்” என்றான். “உங்க தமிழைக் கேட்டா ஜனம் அப்படியே உக்காந்துடும்.”

மறுத்துவிட்டு வெளியே போயிருக்கலாம். ஆறாம் பக்கம் வரும்போது என் பத்தியை மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் தனக்குள் முடிவு செய்துகொண்டாள். அந்த முடிவே அவளுக்குத் தைரியம்போல இருந்தது. எழுபது பேர் இருப்பார்கள். படித்தாள். நிறுத்தி, நிதானமாக, வகுப்பில் படிப்பதுபோல. முன்வரிசையில், கூட்டத்தை நடத்த வந்திருந்த அரசு அதிகாரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். ஆறாம் பக்கம் வந்தது. தொண்டை என்ன நினைத்ததோ தெரியாது, கண் கண்டதை வாய் படித்துவிட்டது. எவ்வித ஆபத்தும் இல்லை. ‘எவ்வித’வில் நல்ல அழுத்தம்கூட விழுந்தது. கைதட்டினார்கள். யாரோ எச்சில்படுத்திய கரண்டியைத் தன் வாயில் வைத்துவிட்டதுபோல நாக்கெல்லாம் குமட்டியது. உட்கார்ந்தாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கறுப்புத் துப்பட்டாவில் ஸ்பாஞ்சுத் துகள்கள் ஒட்டியிருந்தன.

“என் பேரு ஜுவேரியா சார். ஆட்டோ சீட்டு தெக்கிற கடை எங்களுது. எங்க சுவத்துக்குப் பின்னாடிதான் அந்த மனை. கடை பூரா ஸ்பாஞ்சும் ரெக்சினும் கீது. அங்க தீப்புடிச்சா நாங்க இன்னா பண்ணணும்? தண்ணி ஊத்தறதா, ஓடறதா?”

“பிடிக்காதும்மா” என்றார் அதிகாரி. “அதான் மேடம் இப்ப படிச்சாங்களே.”

ஜுவேரியா கிளாடிஸ் பக்கம் திரும்பினாள். “நீங்க எழுதினதுன்னு பின்னாடி போட்டு கீது. நீங்களே சொல்லுங்க மேடம்.”

கிளாடிஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மைக்கை எடுக்கவில்லை.

“ஓடணும்மா. கிட்ட போகக் கூடாது, தண்ணி ஊத்த நிக்கக் கூடாது. புகை விஷம். முப்பது மீட்டருக்குள்ள இருக்கறவங்க போட்டது போட்டபடி வெளிய வந்துடணும். அணைச்சப்புறமும் திரும்பப் பத்திக்கும், ரெண்டு நாள் கழிச்சுக்கூட. இதை நான் எழுதிக் குடுத்தேன். புக்குல இல்லை.”

நாலைந்து பேர் ஆறாம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்.

“இப்ப படிக்கறப்போ சொல்லலியே” என்றாள் ஜுவேரியா. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது.

“ஆமா. சொல்லலை.”

அது பழைய டிராஃப்ட் என்றார் அதிகாரி. நாலு பேர் எழுந்து பேசினார்கள், அவருக்கு வேறு கூட்டம் இருந்தது, கிளம்பினார். லாய்ட் குனிந்து அவள் காதருகே வந்தான். போண்டா நெடி.

“விடுங்க அண்ணி. ஒண்ணும் ஆகப்போறதில்லை. வாசல்லயே எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியாச்சு.”

“அது யார் யார் வந்தாங்கங்கற நோட்டு.”

“மேல சம்மதம்னு எழுதியிருக்கு. யாரும் பாக்கலை.” அதைச் சொன்னபோது அவனாலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நீங்களும்தான் போட்டிருக்கீங்க.”

போட்டிருந்தாள். பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல முழுப்பெயராக, புள்ளி வைத்து. அவளுக்கு உடனே கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது. குழாயைத் தேடிப் போனாள். திருகினால் காற்றுதான் வந்தது.

திரும்பியபோது ஜுவேரியா கூடத்திலேயே நின்றிருந்தாள். “முப்பது மீட்டர்னா எதுவரைக்கும் வரும்?” என்று கேட்டாள்.

“தெரியலைம்மா. அளந்துதான் பாக்கணும்.”

அவர்கள் கடையிலிருந்து ஜுவேரியாவின் கணவன் உபைத் ஐந்து மீட்டர் டேப்பும் துணியில் கோடு போடும் சாக்கட்டியும் எடுத்துவந்தான். மனையின் சுவரில் ஒரு முனையைக் கிளாடிஸ் பிடித்துக்கொண்டாள். முதல் ஐந்து மீட்டரிலேயே அவர்கள் கடை முழுசாக உள்ளே போய்விட்டது. உபைத் தரையில் கோடு போட்டான். இரண்டாவது, மூன்றாவது. பூட்டிய வீடுகள், வேலைக்குப் போனவர்கள். தெரு முனையில் லாய்டின் கார் ஹாரன் இரண்டு தரம் அடித்துவிட்டு நின்றது. கிளாடிஸ் குனிந்து குனிந்து டேப்பைப் பிடித்தாள். முட்டி தெறித்தது. ஆறாவது அளவு ஒரு வீட்டு வாசற்படியில் வந்து முடிந்தது. உபைத் படியின் குறுக்கே கோடு இழுத்தான்.

உள்ளே பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெண் வெளியே வந்து, “இன்னாத்துக்கு இந்தக் கோடு?” என்றாள். ஜுவேரியா சொன்னாள். அவள் தெருவைப் பார்த்தாள், பிறகு கோட்டைப் பார்த்தாள். படிக்குக் கீழே கிடந்த மூன்று ஜோடிச் செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம், முப்பது மீட்டருக்கு வெளியே, வாசலுக்குள் வரிசையாக வைத்தாள்.